பாலைவனத்தில் ஒரு டியூப்லைட்

திருப்பூரில், வீரபாண்டி பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இருபத்தாறு வருடமாக லேப் மாஸ்டராக இருக்கிறேன். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் ரத்தம் பரிசோதிக்கிற லேப் என்று நினைத்துக்கொண்டு, சர்க்கரை அளவு எவ்வளவு இருக்கலாம் என்று கேட்கிறார்கள். என் லேப் வேறு. துணி வாங்குகிற பையர் ஒரு நிறத்தைக் காட்டி இதே நிறத்தில் பனியன் துணி வேண்டும் என்பார். நான் மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்று சாயங்களைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, உள்ளங்கை அகலத் துணியில் அந்த நிறத்தைக் கொண்டுவந்து அனுப்புவேன். அந்தத் துண்டுத் துணிக்கு லேப் டிப் என்று பெயர். அவர் சரி என்றால் டன் கணக்கில் துணி சாயத்தில் இறங்கும். இல்லை என்றால் மறுபடியும் மூன்று சாயம், மறுபடியும் உள்ளங்கைத் துணி.

இதற்கு வேண்டியது கண். பத்தாவது ஃபெயிலான எனக்கு ஒரு சுழல் நாற்காலியும், 'மாஸ்டர்' என்ற பெயரும் கிடைத்தது இந்தக் கண்ணால்தான். மற்றவர்கள் ஒரே கறுப்பு என்று சொல்கிற நாலு துணிகளை நான் பச்சைக் கறுப்பு, சிவப்புக் கறுப்பு என்று தனித்தனியாக அடுக்கி வைப்பேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டையும் தோழனின் சட்டையும் வேறு வேறு லாட், ஒரே தடவையில் சாயம் போட்டவை அல்ல என்று தெரிந்துவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி என்னோடு ஜவுளிக்கடைக்கு வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

அந்தக் கண்ணுக்குத்தான் வினை வந்தது. பெரிய கம்பெனிகளுக்காகத் துணி வாங்கிக் கொடுக்கிற டெல்லி பையிங் ஆபீஸ் ஒன்றின் டிசைனர் மேடம், போன வருடம் ராஜஸ்தானின் மேற்குக் கோடியில் ஒரு சொகுசு விடுதியில் நாலு நாள் தங்கிவிட்டு வந்தார். வந்ததும் அடுத்த சீசனுக்கு ஒரு நிறத்தை முடிவு செய்தார். பெயர், 'பாலைவனத்தின் மூச்சு'. வழக்கமாக நிறம் என்றால் ஷேடு கார்டில் ஒரு நம்பர் கொடுப்பார்கள். மேடம் கொடுக்கவில்லை. இது நம்பர் அல்ல, அனுபவம் என்று மெயிலில் எழுதியிருந்தார். அனுபவத்துக்குச் சாம்பிளாக ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பியில் மணல் அனுப்பியிருந்தார்.

மணல்தானே என்று நினைத்தேன். முதல் லேப் டிப்பிலேயே நிறம் உட்கார்ந்துவிட்டது. எந்த விளக்கில் வைத்துப் பார்த்தாலும் மணலும் துணியும் ஒன்று. நிறம் அளக்கிற மெஷினும் பாஸ் என்றது. மேடம் ரிஜெக்ட் என்றார். "இதில் பாலைவனம் இல்லை" என்று காரணம் எழுதியிருந்தார். நாலாவதுக்கு, "மூச்சு இல்லை." ஒன்பதாவதுக்கு, "இது வெறும் மணல். நான் கேட்டது பாலைவனம்." பன்னிரண்டாவதுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டினார். "நெருங்கிவிட்டீர்கள், ஆனால் தனிமை போதவில்லை." லிட்டருக்கு எத்தனை கிராம் தனிமை சேர்ப்பது என்று எந்தச் சாயக் கம்பெனியும் இதுவரை கையேடு போடவில்லை.

பதினேழாவதும் திரும்பி வந்த அன்று முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். எங்கள் ஊரில் கெட்ட செய்தியை டீ இல்லாமல் சொல்ல மாட்டார்கள்.

"ஏனுங்க மாஸ்டர், கண்ணு ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துருங்களேன்."

"கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது."

"இருக்குமுங்க. இல்லீன்னு சொல்லுலீங்க. வயசாச்சுன்னா புரை உழுகறது எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்களே. பதினேழு டிப்பு போயிருச்சு பாருங்க."

எனக்கு டீ கசந்தது. புரை விழுந்தால் முதலில் உலகம் மஞ்சளாகத் தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. சிக்னலில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன், மறு கண்ணை மூடிப் பார்ப்பேன். பக்கத்து ஸ்கூட்டியில் இருந்த அம்மா ஒருநாள் என்னை முறைத்துவிட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

இந்த நேரத்தில்தான் மேடமிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் அதே விடுதிக்கு மறுபடியும் போகிறார், மாஸ்டரும் வந்து அந்த நிறத்தை நேரில் அனுபவிக்கட்டும், மூன்று நாள், எல்லாச் செலவும் அவர்களுடையது. முதலாளியிடம் காட்டினேன்.

"போயிட்டு வந்துருங்க மாஸ்டர். அங்க போயும் ஓகே ஆகலீன்னா, வந்து கண்ணைக் காட்டிரலாமுங்க. லேப்ல வேற யாரை உக்கார வெக்கறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. என் நாற்காலி ஆடிவிட்டது என்பதை மட்டும் பக்குவமாகச் சொல்லிவிட்டார்.

என் மனைவிக்கு விஷயம் வேறு விதமாகப் புரிந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "இங்கயே குடிக்கற தண்ணிக்கு லாரி வந்தாத்தான் உண்டு. தண்ணி இல்லாத ஊரைப் பாக்கறதுக்கு அத்தாந்தூரம் பிளேன்ல போறீங்களாக்கு?" என்றாள். பதினேழு லேப் டிப்புகளையும் மணல் குப்பியையும் நான் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கோவை ஏர்போர்ட்டில் சோதனை செய்தவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். மணல் என்றேன். எங்கே போகிறீர்கள் என்றார். ராஜஸ்தான் என்றேன். பாலைவனத்துக்கு மணல் கொண்டுபோகிற ஆளை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டு விமானம், அப்புறம் ஐந்து மணி நேரம் ஜீப். இறங்கியதும் தலைப்பாகை கட்டிய ஒருவர் ஈரத் துண்டால் என் முகத்தைத் துடைக்க வந்தார். நானே துடைத்துக்கொள்கிறேன் என்று துண்டை வாங்கி, பழக்கதோஷத்தில் விரலால் தேய்த்து, மடிப்பைத் திருப்பி ஓரத் தையலைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். மேடம் கைகூப்பி வரவேற்றார். தேன் நிறத்தில் பெரிய கூலிங் கிளாஸ், தலையில் சுற்றிய மெல்லிய துணி, வெறுங்கால். "இங்கே எதுவுமே இல்லை. அதுதான் இங்கே விசேஷம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எதுவுமே இல்லாத அந்த இடத்தில் என் கூடாரத்துக்கு ஏசி இருந்தது. கூடாரம் என்றால் மேலே துணி, உள்ளே செங்கல் சுவர். வாசலில் ஒரு குட்டி நீச்சல் தொட்டி, பக்கத்துக் கூடாரத்துக்கும் ஒன்று, அதற்கடுத்ததற்கும் ஒன்று. குளியலறையில் ஒரு அட்டை இருந்தது. "பாலைவனத்தில் ஒவ்வொரு துளியும் புனிதம். தயவுசெய்து துண்டை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்துங்கள்." நான் சாயப்பட்டறைக்காரன். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து, அதே தண்ணீரை மறுபடி மறுபடி ஓட்டி, ஒரு வாளி கூட வெளியே விடக்கூடாது என்ற உத்தரவில் காலம் தள்ளுகிறவன். நீச்சல் தொட்டியில் கால் நனைத்துக்கொண்டு அந்த அட்டையை இரண்டு தடவை படித்தேன். நன்றாக அச்சடித்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு வட்டக் கல்லின் மேல் உள்ளங்கை அளவில் ஒரு ரொட்டி வந்தது. தலைப்பாகைக்காரர் குனிந்து, இது ஒரு ஆதி தானியம், நம் முன்னோர்கள் அறிந்த ரகசியம் என்று மெதுவாக விளக்கினார். வாயில் வைத்தேன். கம்பு. கம்பஞ்சோற்றிலிருந்து தப்பிக்கத்தான் நான் திருப்பூருக்கே வேலைக்கு வந்தேன். மேடம் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். நானும் மூடிக்கொண்டேன், வேறு காரணத்துக்காக.

கூடாரத்துக்கு வந்து லேப் டிப்புகளைக் கட்டிலில் பரப்பினால் ஒன்றும் தெரியவில்லை. எல்லா விளக்கும் மஞ்சள். லாந்தர் மஞ்சள், மாடத்தில் வைத்த விளக்கு மஞ்சள், குளியலறையில்கூட மஞ்சள். பதினேழு துணிகளும் ஒரே பருப்புச்சாதம் மாதிரி கிடந்தன. புரைதான் விழுந்துவிட்டதோ என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். மேனேஜரைத் தேடிப்போய், ஒரே ஒரு டியூப்லைட் கிடைக்குமா என்று கேட்டேன்.

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியதுபோல் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சார், எங்கள் வளாகத்தில் விருந்தினர் கண்ணில் ஒரு வெள்ளை விளக்குகூடப் படாது. அது எங்கள் உறுதிமொழி" என்றார்.

விளக்கு இல்லாவிட்டால் வெயில் இருக்கிறது. நிறம் பார்க்கிறவர்களுக்கு ஒரு நியதி உண்டு. காலை பத்து மணி, வடக்கு வெளிச்சம். மறுநாள் பத்து மணிக்கு விடுதிக்குப் பின்னால் ஒரு மணல்மேட்டில் வடக்குப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு துணியாக எடுத்து, சாய்வாகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மறு கண்ணை மூடிப் பார்த்து, மணலில் வைத்தேன். முதல் லேப் டிப் மணலில் விழுந்ததும் காணாமல் போயிற்று. அவ்வளவு பொருத்தம். எனக்கே நம்பிக்கை வரவில்லை. என் கண் கெட்டிருந்தால் கெட்ட கண்ணுக்கு எல்லாம் பொருத்தமாகத்தானே தெரியும்?

திரும்பினால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் மேனேஜர் வந்து, என்னுடைய காலை வழிபாட்டில் மற்ற விருந்தினர்களும் கலந்துகொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார். இது வழிபாடு இல்லை, ஷேடு பார்க்கிறேன் என்றேன். "ஷேடு" என்று அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்து, தலையசைத்துக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் மேடம் என்னை ஜீப்பில் பெரிய மணல்மேட்டுக்கு அழைத்துப் போனார். உச்சியில் ஏற்கெனவே சோபா போட்டு, கம்பளம் விரித்து, டீ வைத்திருந்தார்கள். மேடம் கூலிங் கிளாஸோடு சூரியனையும் மணலையும் பத்து நிமிடம் பேசாமல் பார்த்தார். நான் துணியை எடுத்து மணல்மேல் வைக்கப் போனேன். என் கையைத் தடுத்தார்.

"இயந்திரம் மாதிரி ஒப்பிடாதீர்கள். மணலை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு துணியைப் பாருங்கள்."

மனதில் வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினோம். மேடம் மேஜைமுன் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் துணியை எடுத்தார். நீண்ட பெருமூச்சு. அடுத்தது, அதற்கும் பெருமூச்சு. பதினேழு பெருமூச்சு விட்டார். "நீங்கள் இன்னும் பார்க்கவில்லை" என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பார்வையில்லாதவனுக்குச் சாலை கடக்க உதவுகிற குரலில் சொன்னார். அது என்னை அறுத்தது. இருபத்தாறு வருடத்தில் யாரும் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

துணிகளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், வளாகத்துக்கு வெளியே, தகரக் கொட்டகை ஒன்றில் கோடு கிழித்ததுபோல் வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. டியூப்லைட். சொந்தக்காரரைப் பார்த்தவன் மாதிரி நடந்தேன்.

அது விடுதியின் சலவைக் கொட்டகை. என் வயதுக்காரர் ஒருவர் அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் லைட், பாஞ்ச் மினிட் என்று ஆரம்பித்தேன். அவர் என் கையிலிருந்த துணிகளைப் பார்த்தார்.

"லேப் டிப்புங்களா சார் அது?"

என் அரைகுறை இந்தியை அங்கேயே விட்டுவிட்டு, தமிழ் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"திருப்பூர்ல, அருள்புரத்துல எட்டு வருசம் இருந்தேனுங்க. செக்கிங் செக்‌ஷன். அம்மாவுக்கு முடியலீன்னு ஊருக்கு வந்துட்டேனுங்க. நீங்க எந்த ஏரியாங்க?"

விடுதிக்குப் பக்கத்துக் கிராமத்து ராஜஸ்தானிக்காரர் அவர். பேச்சில் ஒரு 'ங்க'கூடத் தவறவில்லை. எனக்கு ஸ்டூல் போட்டு, ஏலக்காய் போடாத, சர்க்கரை தூக்கலான, எங்கள் ஊர் பேக்கரி டீ போட்டுக் கொடுத்தார். நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் அயர்ன் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே போய் ஒரு கைப்பிடி மணலை அள்ளிவந்து வெள்ளை மேஜைமேல் கொட்டினார். பதினேழு துணிகளையும் டியூப்லைட்டுக்குக் கீழே வரிசையாக வைத்தார். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு முதல் லேப் டிப்பை எடுத்து மணலில் அழுத்தினார்.

"இதுதானுங்க. டிட்டோ. மத்ததெல்லாம் சும்மா."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். என் கண் நன்றாக இருக்கிறது என்று உலகத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். அவர் துவைத்த துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். துடைத்துக்கொண்டே, அப்புறம் ஏன் மேடத்துக்கு மட்டும் பொருந்தவில்லை என்று கேட்டேன்.

"மேடம் வெளியில கண்ணாடியைக் கழட்டவே மாட்டாங்க சார். போன வருசமும் அப்படித்தானுங்க. நீச்சல் தொட்டிக்கிட்ட வெள்ளைத் துண்டு குடுத்தேன். மஞ்சளா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி துவைச்சேன், மறுபடி மஞ்சள்னாங்க. மூணாந்தடவை சொட்டுநீலத்துல நல்லா முக்கி எடுத்தேனுங்க. அப்பத்தான் ஓகே ஆச்சு. கண்ணாடி வழியாப் பாத்தா வெள்ளை. வெறுங்கண்ணுல பாத்தா வானம் மாதிரி நீலம்."

சொன்னது தாமதமாகப் புரிகிற ஆளை எங்கள் ஊரில் டியூப்லைட் என்போம். எனக்குப் புரிய பதினேழு துணியும், இரண்டு விமானமும், ஒரு நிஜ டியூப்லைட்டும் தேவைப்பட்டன. மேடம் பாலைவனத்தைத் தேன் நிறக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். துணியைக் கண்ணாடி இல்லாமல் பார்த்திருக்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தைத்தான் மூச்சு என்றும் தனிமை என்றும் எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்கன்னு அன்னைக்கே சொல்லீருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"நான் சொல்லலாங்களா சார்?" என்றார். துண்டை வாங்கி மடித்துக்கொண்டே, "நீங்க சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

சொல்ல மாட்டேன். திருப்பூரில் யாரும் சொல்ல மாட்டார்கள். பையர் பார்ப்பதுதான் நிறம். மறுநாள் காலை வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மணல்மேட்டுக்குப் போனபோது, எனக்கு முன்பே நாலு பேர் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு நாப்கின். மேடமும் வந்தார். நான் கைகட்டி நின்று, மேடம், உங்கள் கண்ணாடியை ஒரு நிமிடம் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் புருவம் உயர்ந்தது. கொடுத்தார்.

போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அழகாக இருந்தது. அதுவரை காய்ந்த சுண்ணாம்புக் காரை போலக் கிடந்த மணல் முழுக்க நெய் காய்ச்சிய நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி, நெருங்கிவிட்டீர்கள் என்று மேடம் எழுதிய பன்னிரண்டாவது துணியை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் இன்னும் ஒரு பங்கு, சிவப்பு அரைப் பங்கு, நீலத்தைத் தொட வேண்டாம். கணக்கு மனதில் விழுந்துவிட்டது.

"இப்போது தெரிகிறது மேடம்" என்றேன். அது சுத்தமான உண்மை.

மேடத்தின் கண் கலங்கியது. "நீங்கள் கடைசியில் பார்த்துவிட்டீர்கள்" என்று சொல்லி, கண்ணாடியை நானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் கையில் அழுத்தினார். பின்னால் இருந்த நாலு பேரும் நாப்கினை வானத்துக்குத் தூக்கினார்கள்.

ஊருக்கு வந்ததும் லேப் கதவைச் சாத்திக்கொண்டு, மணல் குப்பியை ஜன்னலில் வைத்து, கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்தேன். கழற்றினேன். சாயம் கலந்தேன். பதினெட்டாவது லேப் டிப் போன மூன்றாம் நாள் அப்ரூவல் வந்தது. மெயிலில், "இதுதான், இதுதான்" என்று இரண்டு முறை எழுதியிருந்தார் மேடம். முதலாளி லேப்புக்கே வந்து கைகொடுத்தார். கண் டாக்டர் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. நானாகப் போய் ரகசியமாகக் காட்டிக்கொண்டேன். இரண்டு கண்ணும் சுத்தமாக இருக்கிறது, வெயிலில் போனால் கூலிங் கிளாஸ் போடுங்கள் என்றார் டாக்டர்.

சட்டைகள் தைத்து முடிந்து பேக்கிங்குக்குப் போகிற சமயம், முதலாளி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கழுத்தில் கெட்டியான காகிதத்தில் மேடம் அச்சடித்து அனுப்பிய டேக் தொங்கியது. ஆங்கிலத்தில் இருந்ததை அவர் எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னார்.

"திருப்பூர்ச் சாயக் கலைஞர் ஒருவர், பாலைவனத்துக்கே போய், தன் வெறுங்கண்ணால் பார்த்து உருவாக்கிய நிறம்."

"இந்தக் கண்ணைப் போயி சந்தேகப்பட்டுட்டனுங்க மாஸ்டர். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

இருபத்தாறு வருடம் வெறுங்கண்ணால் நிறம் பார்த்திருக்கிறேன், ஒரு சட்டையிலும் அப்படி எழுதித் தொங்கவிட்டதில்லை. "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த தேன் நிறக் கண்ணாடியை அவர் பார்ப்பதற்குள் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.